மின்னேற்றமும் கம்பியின் கொள்ளளவும்

எத்தாளைக்கு அண்மையிலுள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையம், மூன்று பொறிகளால் 900 மெகாவாற்று மின்வலுவை ஆக்கவல்லது. அவ்வாறிருக்க, இக்கரையில் கட்டட வேலைக்கு வரும் மின்கல மண்தோண்டும் பொறிக்கு மின் போதாமற் போவது எங்ஙனம் என மாணவர் வினவலாம்.

நிலையத்தின் மின் 220,000 உவோற்று அழுத்தத்தில் நெடுந்தொலை செல்கின்றது. ஊருக்குக் கிடைப்பதோ ஊர் மின்மாற்றியும் கம்பியும் தாங்கும் அளவே. 230 உவோற்று, 30 அம்பியர் கொண்ட வீட்டிணைப்பு 6.9 கிலோவாற்றுக்கு மேல் தாராது.

சிறு பொறியொன்றின் மின்கலம் 20 கிலோவாற்று மணி கொள்ளும் என வைத்துக்கொள்வோம். அதனை ஒரு மணியில் நிரப்ப 20 கிலோவாற்று வேண்டும், இணைப்புத் தாங்காது. மின்தேவை குறையும் இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரையுள்ள 7 மணியில் நிரப்பின், ஏறக்குறைய 3 கிலோவாற்றே போதும். ஆற்றல் ஒன்றே; காலம் நீள வலு சுருங்குகின்றது.

2019 இல் நோர்வேயின் ஒசுலோ நகரில் வீதியொன்றை மின்பொறிகளாற் புதுக்கினர். அத்தகைய பெரும் பொறிகளுக்கு இரவு மட்டும் போதாவிடின், இடையே ஒரு சேமிப்பு மின்கலம் வைத்தல் நன்று. கிணறு சிறிதாயின் ஊறும் நீரைத் தொட்டியில் தேக்கிப் பின் விரைந்து பாய்ச்சுதல் நம் தோட்டக்காரர் அறிந்த முறையன்றோ? அக்கலமும் மெல்ல ஏற்று விரைந்து ஈயும்.

ஆதலின், வேலை தொடங்குமுன் கம்பியின் கொள்ளளவை அறிதல் முதற்கடன். மாலையில் அயலவர் விளக்கை மங்கச் செய்து, நீர்ப்பம்பியை நிறுத்தி எழுப்பும் கட்டடம் ஊருக்கு ஆக்கமாகாது. பொறியியல் கற்கும் நம் மாணவர் இக்கணக்கை மனங்கொள்வாராக.