முள்ளந்தண்டும் மூலக்கலமும்

பனையேறும் தொழிலாளி ஒருவர் கால் தவறி வீழ்கின்றார். வாலிபன் ஒருவன் வீதி விபத்திற் சிக்குகின்றான். 2009 இல் முடிவுற்ற போரின் குண்டுச் சிதறல்கள் வன்னியிற் பலரது முதுகைத் துளைத்தன. காரணங்கள் வேறு, விளைவு ஒன்றே. முள்ளந்தண்டினுள்ளே, சின்னி விரலின் பருமனேயுள்ள முண்ணாண் சிதைந்துவிட்டால், அவ்விடத்திற்குக் கீழுள்ள உடல் உணர்விழந்து அசைவற்றுப் போகின்றது.

முறிந்த எலும்பு பொருந்துகின்றது; கிழிந்த தோல் மூடுகின்றது. முண்ணாண் மட்டும் தன்னைச் சீர்செய்து கொள்ளாதிருப்பது ஏன்? காயம்பட்ட இடத்தில் தழும்பு ஒரு மதில்போலத் திரள்கின்றது. நரம்பிழைகளைப் போர்த்திருக்கும் மயலின் உறையிலுள்ள சில புரதங்களோ புதிய இழைகள் துளிர்க்கவொட்டாமற் தடுக்கின்றன. ஆதலின், இறந்துபட்ட நரம்புக் கலங்களுக்குப் பதிலாகப் புதியனவற்றை நடவேண்டுமென விஞ்ஞானிகள் எண்ணலாயினர். அந்த நாற்றே நரம்பு மூலக்கலம், அதாவது நரம்புக் கலங்களாக வளரவல்ல ஸ்டெம் செல்.

முதிர்ந்த கலத்தையே மீண்டும் மூலக்கலமாக்கும் வித்தையை யப்பானியரான யமனாக்கா 2006 இல் எலியின் கலங்களிலும், 2007 இல் மனிதக் கலங்களிலும் நிகழ்த்திக் காட்டினார். அவ்வழியிற் பெற்ற கலங்களை டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழக வைத்தியர்கள் 2021 டிசம்பரில் முதன்முறையாக ஒரு நோயாளியின் முண்ணாணிற் செலுத்தினர். நால்வருக்கு இச்சிகிச்சை அளிக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் இருபது இலட்சம் கலங்கள். 2025 மார்ச்சில் முடிவு வெளியாயிற்று. பாரதூரமான தீங்கு எவருக்கும் நேரவில்லை. இருவரிடம் முன்னேற்றம் காணப்பட்டது. அவர்களுள் ஒருவர் துணையின்றி எழுந்து நின்றார்.

மகிழ்ச்சிக்குரிய செய்திதான். எனினும் நால்வரைக் கொண்டு நாட்டுக்கே விதி எழுதலாகாது. காயம்பட்டபின் தாமாகவே ஓரளவு தேறுவோரும் உளர். அன்றியும், கலங்கள் செலுத்தப்பட்டது விபத்து நேர்ந்து இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள். பத்தாண்டுகளாகப் படுக்கையிற் கிடப்பவருக்கு இம்முடிவு நேரே பொருந்தாது.

இதனை நாம் அறிந்திருத்தல் அவசியம். பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் இருந்து வைத்தியத்தின் பொருட்டு இந்தியா செல்லும் குடும்பங்கள் பல. காணியை ஈடுவைத்து, தாலிக்கொடியை விற்று, "ஸ்டெம் செல் ஏற்றினால் நடப்பார்" என்ற சொல்லை நம்பிப் போவோர்க்கு ஒன்று கூறலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகளின்படி, முண்ணாண் காயத்திற்கு இது நிலைபெற்ற வைத்தியமன்று; அனுமதி பெற்ற பரீட்சார்த்தமாக மட்டுமே செய்யத்தக்கது. பரீட்சார்த்தத்திற்கு நோயாளியிடம் பணம் கேட்பது முறையன்று. பணம் கேட்கப்படும் இடத்திலேயே நாம் ஐயுறவேண்டும்.

அவ்வாறாயின் நம்பிக்கைக்கு இடமில்லையா? உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வைத்தியராயிருந்த மேரி வர்கீஸ் 1954 இல் மோட்டார் விபத்தொன்றில் முண்ணாண் சிதைந்து, இடுப்பின்கீழ் அசைவிழந்தார். அவர் நடக்கவில்லை, ஆனால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் நியூயோர்க்கிற் புனர்வாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறையை வேலூரில் வளர்த்தார். 1966 இல் அங்கே புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. படுக்கைப் புண் வராது காப்பது, சிறுநீர்த் தொற்றைத் தடுப்பது, தோள்களுக்கு வலுவூட்டுவது, ஒரு தொழில் கற்பிப்பது ஆகியனவே அத்தகைய நிலையங்களின் பணி. நம் நாட்டில் ராகம வைத்தியசாலையும் இத்துறைக்கென்றே உள்ளது.

மூலக்கலம் ஒருநாள் வெல்லக்கூடும். அந்நாள் வரும்வரை புண்ணின்றி, தொற்றின்றி உயிர்வாழ்ந்தவரே அதன் பயனைப் பெறுவர். ஆகவே காணி விற்ற பணம் கையிலிருப்பின், முதலில் நல்லதொரு சக்கர நாற்காலி வாங்குக; வாசற்படிக்குச் சாய்தளம் அமைத்திடுக; இயன்மருத்துவரை அழைத்திடுக. படுத்திருப்பவர் வீதியைக் காணட்டும்.