மெஷ் ஆகாத பிராக்கெட்: எந்த ஃபேஸைத் தூக்கலாம்?

ரிவ்யூவுக்கு இன்னும் ரெண்டே நாள். எங்க ப்ராஜெக்ட் பிராக்கெட் மெஷ் ஆக மாட்டேன்னு அடம்பிடிச்சது. வெளியிலிருந்து வாங்கின ஸ்டெப் ஃபைல். பார்க்க என்னவோ பளிச்னுதான் இருந்தது. ஜூம் பண்ணிப் பார்த்தா ஒரு ஓரத்தில் 40 மி.மீ நீளம், வெறும் 0.02 மி.மீ அகலத்தில் ஒரு கீற்று. இதுதான் ஸ்லிவர் ஃபேஸ்.

மெஷ் போடும் சாஃப்ட்வேர் ஒவ்வொரு ஃபேஸோட விளிம்பையும் மதிச்சுத்தான் எலிமென்ட் வைக்கும். நாங்க கேட்டது 2 மி.மீ எலிமென்ட். அது அந்தக் கீற்றுக்குள்ள எப்படி உட்காரும்? ஊசி மாதிரி நீண்ட முக்கோணமா வரும், இல்லைன்னா குட்டிக் குட்டியா ஆயிரக்கணக்கில் குவியும். ஸ்டூடன்ட் வெர்ஷனில் நோட் எண்ணிக்கைக்கு வரம்பு வேற இருக்கு.

இது எங்கிருந்து வருது? பல நேரம் மாடல் வரைஞ்சவர் மேல தப்பே இருக்காது. கேட்டியா 0.001 மி.மீ-க்குள் இருக்கும் ரெண்டு புள்ளிகளை ஒண்ணாவே எடுத்துக்கும். சாலிட்வொர்க்ஸுக்குள் ஓடும் பாராசாலிட் 0.00001 மி.மீ வரை பார்க்கும். அங்கே ஒட்டியிருந்த விளிம்பு, இங்கே வந்ததும் இடைவெளியா தெரியும்.

சாலிட்வொர்க்ஸில் முதல் வேலை இம்போர்ட் டயக்னாஸ்டிக்ஸ். வேற ஃபீச்சர் எதுவும் சேர்க்கிறதுக்கு முன்னாடியே இதை ஓட்டிடணும். அதுக்கு மேலயும் மிஞ்சுற கீற்றுக்கு டெலிட் ஃபேஸ் இருக்கு. அதில் வெறும் 'டெலிட்' கொடுத்தா ஓட்டை விழுந்து, சாலிட் வெறும் சர்ஃபேஸ் ஆயிடும். 'டெலிட் அண்ட் பேட்ச்' கொடுத்தா பக்கத்து ஃபேஸ்கள் நீண்டு வந்து மூடிக்கும். அவை நீண்டாலும் ஒண்ணையொண்ணு சந்திக்காத இடத்தில் பேட்ச் தோத்துடும். அங்கே 'டெலிட் அண்ட் ஃபில்' முயற்சி பண்ணலாம்.

கீற்று போனதும் எங்களுக்குக் குஷி வந்துடுச்சு. பொறிச்ச லோகோ, ஓரத்து ஃபில்லெட் எல்லாத்தையும் தூக்கினோம். அதுவரைக்கும் சரி. அதே வேகத்தில் எல் வளைவோட உள்மூலையில் இருந்த 3 மி.மீ ஃபில்லெட்டையும் தூக்கிட்டேன் (ஆமா, நான்தான்). மெஷ் சூப்பரா வந்தது. ஆனா மெஷ்ஷைப் பொடிசாக்க ஆக்க ஸ்ட்ரெஸ் ஏறிக்கிட்டே போச்சு, ஒரு இடத்திலும் நிற்கலை. கூர்மையான உள்மூலையில், லீனியர் அனாலிசிஸ் கணக்குப்படி ஸ்ட்ரெஸுக்கு எல்லையே கிடையாது. நாங்க தேடின பதிலே அந்த ஃபில்லெட்டில்தான் இருந்தது. அதைத் திரும்ப வெச்சு, அங்கே மட்டும் மெஷ்ஷைப் பொடிசாக்கின பிறகு ஸ்ட்ரெஸ் ஒரு மதிப்பில் நின்னுச்சு.

இப்போ எந்த ஃபேஸைத் தூக்கினாலும், முன்னாடியும் பின்னாடியும் மாஸ் ப்ராப்பர்ட்டீஸில் வால்யூமைக் குறிச்சு வெச்சுக்கறேன். ஸ்லிவரைத் தூக்கினா அந்த எண் அசையவே கூடாது. அசைஞ்சா உடனே கன்ட்ரோல் இசட்.