திரை இங்கே, வேலை அங்கே!

அக்கரபத்தனைக்கு அப்பால், மலைகள் சூழக் கிடப்பது டயகம. இங்கே உயர்கல்வி பயிலும் பிள்ளையின் கையில் இருப்பது பழைய மடிக்கணினி ஒன்றே என வைத்துக்கொள்வோம். வலுமிக்க கணினியோ பேராதனையிலோ கொழும்பிலோ இருக்கிறது. அதன் ஆற்றலை இருந்த இடத்திலிருந்தே பெற இயலுமா? இரண்டும் லினக்ஸ் கணினிகளாயின் இயலும்.

அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1984ஆம் ஆண்டு பிறந்தது ‘எக்ஸ்’ என்னும் சாளர முறை. அதற்கு முந்தியதன் பெயர் ‘டபிள்யூ’. அடுத்த எழுத்தே இதற்குப் பெயராயிற்று! இம்முறையில் ஒரு விந்தை உண்டு. நம் முன்னுள்ள திரையே சேவகன். தொலைவில் ஓடும் செய்நிரல், “இங்கே கோடு இழு, அங்கே எழுத்தை இடு” என ஆணையிட, நம் கணினி வரைந்து காட்டும்.

இவ்வாணைகளை ஒற்றர் அறியாவண்ணம் மறைத்துக் கொண்டுவருவது எஸ்.எஸ்.எச். பின்லாந்து நாட்டவரான தத்து இலோனன் 1995இல் இதனை ஆக்கினார். அக்கட்டளையோடு ஒரு சிறு கோட்டையும் பெரிய எக்ஸ் எழுத்தையும் சேர்த்துத் தட்டினால், அங்குள்ள நிர்வாகி இடமளித்திருக்கும் பட்சத்தில், அங்கு ஓடும் நிரலின் சாளரம் இங்கே திறக்கும்.

ஆனால் மலைநாட்டார் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. எக்ஸ் முறை, ஒரே வளாகத்துக் கணினிகளை மனத்திற்கொண்டு பிறந்தது. நிரல் அடிக்கடி வினவும். விடை வரும்வரை காத்திருக்கும். ஒரு வினாவும் விடையும் போய்வரப் பத்தில் ஒரு விநாடி ஆகுமெனின், நூறு வினாக்களுக்குப் பத்து விநாடிகள் கழிந்துவிடும். இணைப்பு அறுந்தாலோ நிரலே மாய்ந்து, சேமியாத வேலையும் அழியும்.

இதற்கு மாற்று வி.என்.சி. என்பதாகும். கேம்பிரிட்ஜில் 1990களில் தோன்றிய இது, ஆணைகளை அனுப்பாது, திரையில் மாறிய பகுதிகளைப் படமாகவே அனுப்புகிறது. மழையில் இணைப்பு அறுந்தாலும் அங்கே வேலை நடந்துகொண்டிருக்கும். மீண்டும் இணைந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதனையும் எஸ்.எஸ்.எச். வழியாகவே செலுத்துதல் காப்பாகும். தனிச் சாளரம் மட்டும் போதும் என்போருக்கு எக்ஸ்ப்ரா என்னும் நிரல் உண்டு. அதுவும் அறுந்த தொடர்பை மீட்கவல்லது.

எச்சரிக்கை ஒன்று: நம்பத்தகாத கணினியோடு எக்ஸ் தொடர்பு கூடாது. நம் விசைப்பலகையில் தட்டுவதை அங்கிருந்தே ஒற்றறிய அது வழிவிடக்கூடும்.

புதிய கணினி வாங்கக் கடன்படுமுன் பெற்றோர் இவ்வழியைப் பற்றி ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டறிதல் நன்று. பழைய கருவியும் பெரிய கணினிக்குச் சாளரமாகலாம் அன்றோ!