மலைச் சாலையில் ஆயில் லைட்

காரின் டேஷ்போர்டில் எரியும் விளக்குகளில் மஞ்சளுக்கு அவகாசம் உண்டு, சிவப்புக்குக் கிடையாது. ஆனாலும் எண்ணெய்க் குப்பி படம் போட்ட அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் நினைப்பது, "ஆயில் கொஞ்சம் குறைஞ்சிருக்கும், மூணாறு போய் ஊத்திக்கலாம்." அடிமாலியிலிருந்து பள்ளிவாசல், சித்திரபுரம் வழியாக ஏறும்போது இந்த நினைப்பு வருவதற்கு நியாயமும் இருக்கிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், பின்னால் ஹார்ன் அடிக்கும் பஸ். நிறுத்த மனசு வராது. அப்படி ஓட்டிப்போகும் சில கிலோமீட்டரில் இன்ஜினே போய்விடலாம்.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அந்தப் படம். சொட்டு விழும் குப்பியைப் பார்த்தால் எண்ணெயின் அளவு ஞாபகத்துக்கு வருமே தவிர அழுத்தம் வராது. ஆனால் பெரும்பாலான கார்களில் அந்த விளக்குக்கும் அளவுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. இன்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் சின்ன சுவிட்ச் ஒன்று எண்ணெயின் அழுத்தத்தை மட்டும் பார்க்கிறது. சூடேறி ஓடும் இன்ஜினில் சாதாரணமாக இரண்டு முதல் நான்கு பார் அழுத்தம் இருக்கும். அது அரை பாருக்கும் கீழே விழுந்த பிறகுதான் சுவிட்ச் விளக்கை எரிய வைக்கும். முன்னெச்சரிக்கை என்று அதைச் சொல்லவே முடியாது. அளவுக்கென்று தனியாக மஞ்சள் விளக்கு வைத்த கார்களும் உண்டு. நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் அது கிடையாது.

எண்ணெய் வழவழப்புக்குத்தானே, அழுத்தம் எதற்கு? 1883-இல் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சின் பேரிங்கை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். எண்ணெய் விட பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே இறங்காமல் துளை வழியாக மேலே பொங்கியது. தக்கை வைத்து அடைத்தார். பிதுங்கி வெளியே வந்தது. மரக்கட்டை அடித்தார், அதையும் தள்ளிவிட்டது. கடைசியில் அங்கே அழுத்தமானியை மாட்டினார். சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கு மேல் காட்டியது. சுழலும் அச்சு தானே எண்ணெயை இழுத்துப் பேரிங்கின் இடுக்கில் திணிக்க, சுமை அந்தப் படலத்தின் மேல் மிதக்கிறது; உலோகமும் உலோகமும் தொடுவதே இல்லை. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதினார்.

இதே படலத்தை நம்பித்தான் பெரிய நீர்மின் இயந்திரங்களும் ஓடுகின்றன. ஆல்பர்ட் கிங்ஸ்பரி வடிவமைத்த பேரிங் 1912-இல் பென்சில்வேனியாவின் ஹோல்ட்வுட் நீர்மின் நிலையத்தில் நூறு டன்னுக்கு மேற்பட்ட சுமையை எண்ணெயின் மேல் தாங்கி நின்றது. 1940-இல் ஓடத் தொடங்கிய பள்ளிவாசல், கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம். அங்கே சுழலும் தண்டுக்கும், பக்கத்துச் சாலையில் ஏறும் ஜீப்பின் கிராங்குக்கும் விதி ஒன்றுதான்.

காரில் படலத்தை உண்டாக்குவது கிராங்கின் சுழற்சி. அதற்கு இடைவிடாமல் எண்ணெய் கொண்டுவந்து கொடுப்பது பம்ப். எண்ணெய் தேங்கும் சம்ப்பின் அடியில் இருக்கும் சல்லடைக் குழாய் வழியாக உறிஞ்சி, ஃபில்டரைத் தாண்டி, மெயின் பேரிங், பிக் எண்ட், கேம், டர்போ என்று ஒவ்வொன்றாக அனுப்புகிறது. வரத்து நின்றால் படலம் கிழிந்து உலோகத்தோடு உலோகம் உரசும். மெக்கானிக்குகள் "மெட்டல் அடிச்சிருச்சு" என்பது இதன் விளைவைத்தான்.

மலை இதில் தன் பங்குக்குச் சேர்க்கும் தொல்லைகள் உண்டு. செங்குத்தாக ஏறும்போதும் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதும் சம்ப்பில் உள்ள எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும். அளவு சரியாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஏற்கெனவே ஒரு லிட்டர் குறைவாக இருந்தால் சல்லடை காற்றை உறிஞ்சும். வளைவில் மட்டும் விளக்கு கண் சிமிட்டும். சமவெளியில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்த குறை போடிமெட்டின் 17 வளைவுகளில் வெளியே வந்துவிடும். இறக்கத்தில் இன்னொன்று. பெட்ரோல் காரைக் கியரில் போட்டு நெடுநேரம் இறக்கினால் சிலிண்டருக்குள் வெற்றிடம் கூடி, தேய்ந்த வால்வு கைடு வழியாகவும் ரிங் வழியாகவும் எண்ணெய் உள்ளே இழுபடும். அடிவாரத்தில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் நீலப்புகை வந்தால் அதுதான் சங்கதி. அதற்காக நியூட்ரலில் இறக்க வேண்டாம்; பிரேக் சூடேறித் தோற்றுப்போகும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் கல்பாதை போன்றவற்றில் சொந்தக் காரை விடுபவர்களுக்கு மூன்றாவது ஆபத்து: கல் தட்டிச் சம்ப் உள்ளே நசுங்கி, சல்லடைக் குழாயின் வாயை அடைத்துவிடும். ஒரு சொட்டுக்கூட ஒழுகியிருக்காது, அளவும் சரியாக இருக்கும், அழுத்தம் மட்டும் இருக்காது.

விளக்கு எரிந்தால் என்ன செய்வது? வளைவு தாண்டி முதல் ஒதுக்கிடத்தில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். இறக்கமானால் வரிசை முக்கியம்: நின்ற பிறகே அணைக்க வேண்டும். ஓடும்போதே அணைத்தால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாக இறுகிவிடும். சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, பத்து நிமிடம் எண்ணெய் கீழே இறங்க விட்டு, டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி செருகிப் பாருங்கள். சரிவில் அது பொய் சொல்லும், கூடுமானவரை மட்டமான இடம் வேண்டும். காரின் அடியிலும் ஒரு பார்வை. கீழ்க் கோட்டுக்கும் குறைவாக இருந்தால், கையேட்டில் சொன்ன தரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பல கார்களில் இரண்டு கோட்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும்; நுரையால் அழுத்தம் மீண்டும் விழும். பிறகு ஸ்டார்ட் செய்தால் சில நொடியில் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டாலோ 'டக் டக்' சத்தம் கேட்டாலோ உடனே இன்ஜினை அணைத்துவிட்டு, கட்டி இழுக்கும் வண்டிக்குச் சொல்லுங்கள். அளவு முதலிலேயே சரியாக இருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பதுகூட வேண்டாம்.

ஒர்க்‌ஷாப்பில் முதல் வேலை, அந்தச் சுவிட்சைக் கழற்றி அதே துளையில் அழுத்தமானியை மாட்டுவது. அழுத்தம் நன்றாக இருந்தால் சுவிட்சோ ஒயரோதான் குற்றவாளி, செலவு சொற்பம். மானியும் குறைவாகக் காட்டினால் ஃபில்டர், கசடு பிடித்த சல்லடை, பம்ப், கடைசியாக பேரிங் என்று தேடிப் போக வேண்டும். சூடான இன்ஜினில் ஐட்லிங்கில் மட்டும் விளக்கு மினுக்கினால், "கெட்டி ஆயிலா ஊத்துங்க, போயிரும்" என்று ஒரு யோசனை வரும். விளக்கு போய்விடும், தேய்மானம் போகாது. புதிய பி.எஸ். 6 டீசல் கார்களில் டிப் ஸ்டிக்கில் அளவு ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்பட வேண்டாம். புகைக்கரி வடிகட்டியைச் சுடவைக்கத் தெளிக்கும் டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எண்ணெயை நீர்க்க வைக்கிறது. குறுகிய தூரம் மட்டுமே ஓடும் வண்டிகளில் இது அதிகம்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பிப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தே ஆக வேண்டும். எரியாவிட்டால் பல்ப் போயிருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம், யாராவது வேண்டுமென்றே கழற்றியும் இருக்கலாம். மூன்றில் எது என்று தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள்.