ஒரு தொகுப்பு, பல உரிமங்கள்

டெபியன் என்பது தனியொரு மென்பொருள் அல்ல. பல்லாயிரம் மென்பொருள்களைச் சேர்த்துக் கட்டிய இயங்குதளத் தொகுப்பு. 1993 ஆகஸ்டில் இயான் மர்டாக் தொடங்கிய இத்திட்டம், 2023 ஜூனில் வெளியிட்ட 12ஆம் பதிப்பில் 64,000க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. உலாவி, எழுத்துரு, விளையாட்டு, அச்சுப்பொறியை இயக்கும் நிரல் என எல்லாமே பொதிகளாகத்தான் வருகின்றன. எழுதியவர்கள் வெவ்வேறு ஆட்கள். அவர்கள் விதித்த நிபந்தனைகளும் வெவ்வேறு. அதனால் டெபியன் முழுவதற்கும் சேர்த்து ஒரே உரிமம் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு பொதிக்குள்ளும் ‘காப்பிரைட்’ என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அந்தப் பொதியை யார் எழுதினார், எந்த நிபந்தனையில் கொடுத்தார் என்பதை அது சொல்லும்.

கதை கவிதையைப் போலவே நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு. எழுதியவர் எதுவும் சொல்லாமல் இணையத்தில் போட்டுவிட்டால், எடுத்தவர் அதைப் பரப்பலாம் என்று ஆகிவிடாது. காசில்லாமல் கிடைப்பது வேறு, பரப்ப உரிமை இருப்பது வேறு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ‘பைன்’ மின்னஞ்சல் நிரல் இதற்கு நல்ல சாட்சி. அதை யாரும் இலவசமாகப் பயன்படுத்த முடிந்தது. ஆனால் திருத்திய வடிவத்தைப் பரப்பப் பல்கலைக்கழகத்தின் அனுமதி தேவைப்பட்டது. தொகுப்பில் சேர்க்க ஏதாவது திருத்தம் செய்தே ஆக வேண்டும் என்பதால், டெபியன் மூலநிரலை ஒரு பக்கமும் திருத்தத்தை இன்னொரு பக்கமுமாகக் கொடுத்தது. பயனர் தாமே இரண்டையும் இணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்படி ஒவ்வொன்றுக்கும் தனிப் பஞ்சாயத்து நடத்த முடியாது. ஆகவே 1997 ஜூலையில் டெபியன் தன் ‘சமூக ஒப்பந்த’த்தையும் கட்டற்ற மென்பொருளுக்கான வழிகாட்டு விதிகளையும் ஏற்றுக்கொண்டது. வரைவு புரூஸ் பெரன்ஸுடையது. மென்பொருளை யாரும் விற்கலாம், கொடுக்கலாம். மூலநிரல் கூடவே கிடைக்க வேண்டும். திருத்தவும் திருத்தியதைப் பரப்பவும் தடை கூடாது. இன்னார் பயன்படுத்தக் கூடாது, இன்ன தொழிலுக்குக் கூடாது என்ற பாகுபாடும் கூடாது. அடுத்த ஆண்டே ‘ஓப்பன் சோர்ஸ்’ என்பதற்கான வரையறை இந்த விதிகளிலிருந்துதான் உருவாக்கப்பட்டது.

விதிகளில் மிக நுட்பமானது எட்டாவது: அனுமதி டெபியனுக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது. ‘டெபியன் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளட்டும்’ என்று ஒருவர் பெருந்தன்மையோடு எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. டெபியனை எடுத்து உபுண்டு போன்ற இன்னொரு தொகுப்பை உருவாக்குபவரிடமும், வட்டில் எழுதி விற்பவரிடமும் அந்த அனுமதி போய்ச் சேராதே! கை மாறும்தோறும் உரிமையும் கூடவே மாற வேண்டும்.

நல்லெண்ணம் கூடச் சிக்கலாகும். ‘ஜேசன்’ என்ற தரவு வடிவத்துக்கான நிரல் ஒன்றின் உரிமத்தில், இதை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்குக் கூடாது என்றொரு வரி இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தீமை எது என்று யார் தீர்ப்பது? டெபியன் அதைக் கட்டற்றதாக ஏற்கவில்லை. இத்தகைய விவாதங்களில் ‘தனித்தீவுச் சோதனை’ என்ற ஒன்றைக் கேட்பார்கள். சூரிய மின்சாரத்தில் ஓடும் கணினியுடன் ஒருவர் ஆளில்லாத் தீவில் மாட்டிக்கொண்டிருக்கிறார். செய்த திருத்தத்தை மூல ஆசிரியருக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று உரிமம் சொன்னால் அவர் என்ன செய்வார்? விதிப்புத்தகத்தில் இல்லாத இந்தக் கற்பனை, பல உரிமங்களின் முடிச்சை அவிழ்க்க உதவியிருக்கிறது.

தமிழ் எழுத்துருவான லோகித் தமிழும் டெபியனில் ஒரு பொதி. ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் வரும் அதைத் தனியாக விற்கக் கூடாது. வேறு மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். விற்பனைக்குத் தடை என்றால் டெபியனின் முதல் விதியே இடிக்காதா? இடிக்காது. பல இடங்களிலிருந்து வந்தவற்றைச் சேர்த்த தொகுப்பின் பகுதியாக விற்க முடிந்தால் போதும் என்றுதான் அந்த விதி சொல்கிறது.

விற்பவருக்குக் கடமைகளும் உண்டு. ஜிபிஎல் உரிமத்தில் உள்ள நிரலை இயங்கு வடிவில் கொடுப்பவர் அதன் மூலநிரலையும் கொடுக்க வேண்டும். அல்லது, கேட்டால் தருவதாக மூன்று ஆண்டுகளுக்காவது செல்லும் எழுத்துறுதி தர வேண்டும். அதே வட்டில் பக்கத்தில் கிடக்கும் வேறொரு நிரலுக்கு இந்தக் கட்டாயம் தொற்றிக்கொள்ளாது. இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் மட்டும் ஒரே படைப்பாகிவிடுவதில்லை.

பெயர் தனி விவகாரம். நிரலின் உரிமம் கட்டற்றதாக இருந்தும் வணிகக்குறி குறுக்கே நிற்கலாம். ஃபயர்பாக்ஸ் என்ற பெயரைப் பயன்படுத்த, தன் சின்னத்தையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும், திருத்தங்களுக்கு ஒப்புதல் பெற வேண்டும் என்று மொசில்லா கேட்டது. 2006 முதல் 2016 வரை டெபியனில் அதே உலாவி ‘ஐஸ்வீசல்’ என்ற பெயரில் வாழ்ந்தது.

விதிகளுக்கு உட்படுவது மட்டுமே ‘மெயின்’ பகுதியில் சேரும். தான் கட்டற்றதாயினும் கட்டற்றதல்லாத வேறொன்றைச் சார்ந்திருப்பது ‘கான்ட்ரிப்’. விதிக்குள் அடங்காதது ‘நான்-ஃப்ரீ’. வைஃபை அட்டை போன்ற வன்பொருளுக்குத் தேவையான மூடிய நிலைபொருள்கள் நெடுங்காலம் இந்தக் கடைசிப் பகுதியிலேயே கிடந்ததால், நிறுவும்போதே பலரும் திண்டாடினார்கள். 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து, அவற்றை அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்க அனுமதித்தார்கள். அவற்றுக்கெனத் தனிப் பகுதியும் 12ஆம் பதிப்பில் வந்தது. கொள்கை கொஞ்சம் வளைந்தது உண்மைதான். ஆனால் எது எந்தப் பகுதி என்ற கோடு அழியவில்லை.

‘மெயின்’ பகுதியை வட்டில் எழுதி விற்க டெபியனுக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டாம். மற்றப் பகுதிகளை வட்டில் சேர்ப்பவர், ஒவ்வொரு பொதியின் உரிமத்தையும் தாமே படித்துப் பார்த்துக்கொள்ளுமாறு ஊக்குவிக்கிறது சமூக ஒப்பந்தம்.