யார் பால், யாருக்கு?



ஓர் இலக்கிய அமைப்பின் நினைவுப் பேருரையில் தாய்ப்பால் வங்கியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், ஏற்பாட்டாளர்களில் ஒருவர் "அது டாக்டர்கள் பேச வேண்டியதில்லையா?" என்று கேட்டார். டாக்டர்களும் பேசட்டும். ஆனால் ஓர் உடலிலிருந்து சுரப்பது இன்னோர் உடலுக்குள் போகிறது என்றால், இந்த நாட்டில் அது சாதியைத் தொடாமல் போகாது. தண்ணீருக்கே நாம் 1927இல் மகாத் வரை போக வேண்டியிருந்தது. சவுதார் குளத்தில் அம்பேத்கரும் தோழர்களும் நீர் அருந்திய பிறகு, அங்கிருந்த சாதி இந்துக்கள் 108 பானைகளில் நீரை மொண்டு, சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து, மந்திரம் ஓதித் திரும்பக் கொட்டினார்கள். மாட்டின் பால் தீட்டைக் கழுவும் என்று நம்பும் சமூகத்தில், சேரிப் பெண்ணின் பாலுக்கு என்ன மதிப்பு? இந்தக் கேள்வியை டாக்டர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாதம் நிறைந்து, நல்ல எடையோடு பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் பால் வங்கி தேவையில்லை, அம்மா போதும். ஏழாம் மாதத்திலோ எட்டாம் மாதத்தின் தொடக்கத்திலோ, ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ எடையில் பிறந்துவிடும் குழந்தைக்குத்தான் வங்கி வேண்டும். அதன் குடல் இன்னும் முதிரவில்லை. மாவுப்பால் கொடுத்தால், குடல் திசு வீங்கி அழுகிப்போகும் கொடிய நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. தாய்ப்பால் அந்த ஆபத்தைக் குறைக்கிறது. பெற்ற தாயின் பால் என்றால் மிக நல்லது. அவள் உதிரப்போக்கிலோ வலிப்பிலோ தீவிர சிகிச்சையில் கிடந்தால், அல்லது இறந்தே போயிருந்தால், அடுத்தது இன்னொரு தாயின் பதப்படுத்திய பால்தான் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. 2020இல் இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. உலகத்தில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை.

தேவைப்படும் அளவைக் கேட்டால் வியப்பாக இருக்கும். ஒரு கிலோ குழந்தைக்கு முதல் நாட்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓரிரு மில்லி, மெல்லிய குழாய் வழியாக. கொஞ்சம் தேறியதும் பாலாடையில் புகட்டலாம். ஒரு தாய் ஒருமுறை பீய்ச்சித் தரும் பால் அப்படிப்பட்ட ஒரு குழந்தையின் பல வேளை உணவு. ஆகவே நூறு லிட்டர் கொடுத்த சாதனைத் தாய் என்று செய்தித்தாளில் படம் போடுவதில் எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுக்கும் ஆயிரம் பேரை அந்தப் படம் பயமுறுத்தித் தள்ளி நிறுத்துகிறது.

'பாதுகாப்பான' என்ற சொல்லுக்கு இங்கே திட்டமான பொருள் உண்டு. கொடுக்க முன்வரும் தாயின் ரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, மேகநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். என்ன மருந்து சாப்பிடுகிறார், புகையிலைப் பழக்கம் உண்டா என்று கேட்பார்கள். அவருடைய குழந்தை வயிறு நிறையக் குடித்து எடை கூடுகிறது என்றால்தான் மிச்சத்தை வாங்குவார்கள். கை கழுவி, கிருமி நீக்கிய குப்பியில் பீய்ச்சிய பால் குளிரில் வைக்கப்படும். பிறகு சில தாய்மார்களின் பாலைச் சேர்த்து, 62.5 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைத்து, சட்டென்று குளிரவைப்பார்கள். அந்தச் சூட்டில் எச்.ஐ.வி. செயலிழந்துவிடும். வீட்டில் காய்ச்சுவதுபோல் கொதிக்கவிடுவதில்லை. கொதித்தால் நோய் எதிர்ப்புப் பொருட்களும் போய்விடும். இந்த முறையிலும் கொஞ்சம் போகத்தான் செய்கிறது, ஆனால் பயனுள்ள பங்கு மிஞ்சுகிறது. கடைசியாக ஆய்வகத்தில் கிருமி வளர்கிறதா என்று சோதித்து, வளரவில்லை என்றால் மட்டுமே வார்டுக்கு அனுப்புவார்கள். மீதி மைனஸ் 20 டிகிரியில் உறைந்து கிடக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா, பக்கத்துக் கட்டில் அம்மா பால் கொடுப்பது நம்மிடம் காலங்காலமாக உண்டு. அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அக்காவின் ரத்தத்தை யாரும் சோதித்திருக்கவில்லை. ஒரு கிலோ குழந்தைக்குச் சின்னத் தொற்றே போதும். வாட்ஸ்அப் குழுவில் அறிமுகமானவர் பாட்டிலில் அனுப்பும் பாலுக்கும் இதேதான்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். பால் எப்போதும் எந்தத் திசையில் ஓடியிருக்கிறது?

ஐவகைத் தாயரைப் பட்டியலிடும்போது 'முலைத்தாய்' என்று ஒருத்தியைத் தனியாகவே சொன்ன மொழி நம்முடையது. தோழி என்பவள் செவிலியின் மகள் என்பது தொல்காப்பிய இலக்கணம். அகத்திணையை எத்தனையோ முறை வகுப்பில் படித்திருக்கிறோம். தலைவியை வளர்க்கப் போன செவிலியின் மகள் யாரிடம் பால் குடித்தாள் என்று எந்த உரையாசிரியரும் கேட்டதாக நான் படித்ததில்லை. இன்று மருத்துவமனைகளில் 'செவிலியர்' என்று அழைக்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் இந்தக் கதையும் இருக்கிறது.

பிரேசிலில் இதற்குப் பத்திரிகைச் சாட்சியே உண்டு. 1888இல் அடிமை முறை ஒழியும் வரை, கறுப்பின அடிமைப் பெண்களைப் பாலூட்ட வாடகைக்கு விடும் விளம்பரங்கள் அங்கே நாளிதழ்களில் வந்தன. 'பால் உண்டு, குழந்தை இல்லை' என்பது அவற்றில் ஒரு தகுதி. குழந்தை எங்கே போனது என்று விளம்பரம் சொல்லாது. 1943இல் ரியோவில் முதல் பால் வங்கி வந்தபோதும் நிலைமை முழுக்க மாறவில்லை. ஏழைப் பெண்கள் காசுக்கும் உணவுப் பொருளுக்கும் பாலைக் கொடுத்தார்கள். 1985க்குப் பிறகுதான் அதைத் தலைகீழாக்கினார்கள். பாலுக்கு விலை இல்லை என்றார்கள். வங்கியையே பாலூட்டச் சிரமப்படும் எல்லாத் தாய்மாருக்குமான உதவி மையமாக்கினார்கள். விலையுயர்ந்த இறக்குமதிக் குப்பிகளுக்குப் பதிலாக, பிளாஸ்டிக் மூடி போட்ட காபித்தூள் கண்ணாடி பாட்டிலைக் கிருமி நீக்கிப் பயன்படுத்தினார்கள். பல ஊர்களில் தீயணைப்பு வீரர்கள் வீடு வீடாகப் போய் உறைந்த பாட்டில்களை வாங்கி வருகிறார்கள். இன்று அங்கே 200க்கு மேற்பட்ட வங்கிகள் ஒரே பொது வலைப்பின்னலில் இயங்குகின்றன. அடிமைப் பெண்ணின் பாலை எடுத்த நாடு, பாலைப் பொதுச்சொத்தாக்கவும் கற்றுக்கொண்டிருக்கிறது.

சந்தை சும்மா இருக்கவில்லை. 2015இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், கறுப்பினத் தாய்மாரிடம் காசு கொடுத்துப் பால் வாங்க ஒரு நிறுவனம் திட்டமிட்டது. எங்கள் குழந்தைகளுக்கே பால் போதாத நிலையில் இது என்ன என்று அந்நகரக் கறுப்பினத் தாய்மார் அமைப்பு பகிரங்கக் கடிதம் எழுதியது, திட்டம் கைவிடப்பட்டது. கம்போடியாவின் ஏழைப் பெண்களிடம் வாங்கி அமெரிக்காவில் விற்ற வணிகத்தை அந்த அரசு 2017இல் தடை செய்தது.

நம் ஊரிலும் அதே கதைதான். தாய்ப்பாலைப் பதப்படுத்தி விற்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமில்லை என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதம் அறிவித்தது. அதே மாதக் கடைசியில் சென்னை மாதவரத்தில் பாட்டிலில் தாய்ப்பால் விற்ற கடைக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். 50 மில்லி 500 ரூபாய் என்று செய்தி. கடையை மூடியது சரி. ஆனால் அந்த விலைக்கு வாங்க ஆள் இருந்தது என்றால், அரசு வங்கியின் பால் எட்டாத இடம் பெரிதாக இருக்கிறது என்று பொருள்.

ஆசியாவின் முதல் பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிதா பெர்னாண்டஸ் முயற்சியால் தொடங்கியது. தாராவிக்குப் பக்கத்து மாநகராட்சி மருத்துவமனை அது. குடிசைப்பகுதித் தாய்மார் கொடுத்தார்கள், அவர்களைப் போன்றவர்களின் குழந்தைகளே குடித்தன. பால் மேல்நோக்கி ஓடாமல் பக்கவாட்டில் ஓடியது. தமிழ்நாட்டில் மதுரை, திருச்சி, கோவை, தஞ்சாவூர் எனப் பெரிய அரசு மருத்துவமனைகளில் வங்கிகள் உள்ளன. 2017இல் மத்திய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகள், பெரிய மருத்துவமனைகளில் முழு வங்கி, அதற்கடுத்த நிலையில் தாயின் பாலை எடுத்துத் தன் குழந்தைக்கே கொடுக்க உதவும் பிரிவு, எல்லாப் பிரசவ இடங்களிலும் ஆலோசனை என்று மூன்று அடுக்குச் சொல்கின்றன. பாலுக்குக் காசு கிடையாது, வணிகம் கூடாது என்பதும் அதில் உண்டு. நல்ல ஆவணம்தான். ஆனால் பணமும் பேச்சும் முதல் அடுக்குக்கே போகின்றன. ரிப்பன் வெட்ட இயந்திரம் வேண்டுமல்லவா.

கிராமத்துக் கூலித் தாய் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சுகப்பிரசவம் என்றால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குழந்தை மட்டும் மாவட்டத் தலைநகரின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் இருக்கும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சாவிட்டால் அவளுக்குப் பால் வற்றிவிடும். அவள் உட்காரப் பிரிவில் ஒரு நாற்காலி இல்லை, இரவு படுக்கக் கட்டில் இல்லை, தினமும் வந்து போகப் பஸ் காசு இல்லை. ஐந்தாம் நாள் "இவளுக்குப் பால் இல்லை" என்று நோட்டில் எழுதி, வங்கிப் பால் கேட்பார்கள். இது தானப்பால் தேவை அல்ல, கட்டில் தேவை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று சொல்வதையும் சேர்த்துப் பாருங்கள்: நாட்டில் 88.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனைகளில் நடக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் 41.8 சதவீதம். சேனை வைப்பதையும் சீம்பாலைக் கொட்டுவதையும் கிராமத்து அறியாமை என்று எவ்வளவு பேசியிருக்கிறோம்! இப்போது அந்த முதல் மணி நேரம் மருத்துவமனையின் கையில்தானே இருக்கிறது.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், ஆகவே செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும், அவள் உழைப்பில் லாபம் காண்பவரும் ஒதுங்க முடியாது என்று வாதிட்டார். மறு ஆண்டு அது சட்டமானது. இன்று 26 வார ஊதிய விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. களை பறிப்பவளுக்கும், செங்கல் சூளையில் கல் அறுப்பவளுக்கும், வீட்டுவேலை செய்பவளுக்கும் அது இல்லை. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிதான். ஆனால் அது ஆறு மாதக் கூலிக்கு ஈடாகாது. ஓய்வு இல்லாத உடலிடம் போய்ப் பால் தானம் கேட்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 'தானம்' என்ற சொல்லே பிடிக்கவில்லை. யார் யாருக்குத் தானம் கொடுத்துப் புண்ணியம் தேடினார்கள் என்று நமக்குத் தெரியும். நான் பகிர்வு என்றே சொல்ல விரும்புகிறேன்.

சாதிக்குத் திரும்புகிறேன். ஓர் அரசு மருத்துவமனையில் குழாய் வழியாகப் பால் இறங்கும்போது, குழந்தையின் பாட்டி "யாரு பாலும்மா இது?" என்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். செவிலியர் "சோதிச்ச பாலு பாட்டி" என்று மட்டும் சொல்லி வேலையைப் பார்த்தார். வங்கிப் பதிவேட்டில் கொடுத்தவர் விவரம் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஏதாவது தவறு நேர்ந்தால் பின்தொடர்ந்து போக அது தேவை. அந்த விவரம் வார்டுக்குப் போகக் கூடாது. சாதி கேட்டால் ரகசியமாகவாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. இந்த இடத்தில் இஸ்லாமியக் குடும்பங்களின் தயக்கத்தைச் சேர்த்துக் குழப்பிவிடாதீர்கள். ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் உடன்பிறந்தோர் ஆகிறார்கள், பின்னாளில் மணமுடிக்க முடியாது என்பது அவர்களது மார்க்க விதி. அது உறவைக் கூட்டும் கணக்கு. தீட்டு என்பது உறவைத் துண்டிக்கும் கணக்கு. 2024இல் கராச்சியில் ஒரு வங்கி இந்தக் கேள்வியில்தான் நின்றுபோனது. பலர் பாலைக் கலக்காமல் தனித்தனியாக வைத்து, அந்தக் குடும்பங்களுக்கு மட்டும் விவரம் தரும் ஏற்பாட்டை மார்க்க அறிஞர்களோடு உட்கார்ந்து பேசலாம். சாதிக்கு அப்படி ஓர் ஏற்பாடு கேட்டால், அது தனிக்குவளைதான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். சென்ற ஆண்டு பச்சிளங்குழந்தைப் பிரிவில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு மாவுப்பால் கொடுக்கப்பட்டது, தாய்மார் தங்க எத்தனை கட்டில், அவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு உண்டா, பக்கத்துப் பால் வங்கியிலிருந்து பால் வர வண்டி உண்டா, ஆலோசனை சொல்லும் ஊழியர் நிரந்தரமா ஒப்பந்தமா என்று கேளுங்கள். மனுவின் மாதிரிப் படிவத்தை அரங்க வாசலில் புத்தக மேசையில் வைத்திருக்கிறோம். பதில் வந்ததும் அமைப்பு முகவரிக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.