இழுப்புக் குமிழ் பொருத்திய அமால் கார்புரேட்டர்கள்

இரண்டு கார்புரேட்டர்களின் மேலேயும் நிற்கும் சிறு குமிழ்களைப் பாருங்கள். இங்கிலாந்தின் மெரிடன் ஆலையில் தயாரான 650 சிசி டிரையம்ஃப் பான்னவில் மோட்டார் சைக்கிளில் முதலில் இவை கிடையாது. ஹேண்டில்பாரில் ஒரு சோக் லீவர் இருந்தது. அதன் கேபிள் வழியில் இரண்டாகப் பிரிந்து இரு கார்புரேட்டர்களுக்கும் போனது.

1967-இல் அறிமுகமான அமால் கன்சென்ட்ரிக் கார்புரேட்டரில் சோக் என்பது காற்று வழியை மறைக்கும் ஒரு பித்தளைத் தகடு. ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளும், கேபிள் மேலே தூக்கும். எனவே கேபிள் அறுந்தால் தகடு இறங்கிவிடும். காற்று குறைந்து பெட்ரோல் மிகும், கரும்புகை வரும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். ஒரு பக்கக் கேபிள் மட்டும் சற்றே தளர்ந்தால் இன்னும் மோசம். கோளாறு எங்கே என்று எளிதில் பிடிபடாது.

இங்கே கேபிளுக்குப் பதில், தகட்டோடு இணைந்த ஒரு கம்பியும் குமிழும். குளிர்ந்த எஞ்சினுக்குக் குமிழ் கீழே இருக்க வேண்டும். சூடேறியதும் மேலே இழுத்துச் சற்றுத் திருப்பினால் அங்கேயே நிற்கும். பழைய கார்களில் குமிழை இழுத்தால் சோக் செயல்படும். இதில் இழுத்தால் விலகும்.

ஓட்டும்போது ஹேண்டில்பாரிலிருந்து கையெடுக்காமல் இதை இயக்க முடியாது. அது உண்மையான இழப்புதான். சிலர் சோக்கையே கழற்றித் துளையை அடைத்துவிடுவார்கள். குளிர்காலக் காலைகளுக்கு அதைவிடக் குமிழே மேல். எதையும் வெட்டாமல் செய்த மாற்றம் என்பதால், பழைய லீவரையும் கேபிளையும் மீண்டும் பொருத்தலாம்.